லைட் அணைஞ்சா மட்டும் போதுமா?

கலிஃபோர்னியாவில் எட்டு வருடத்துக்கு மேல் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டி.எம்.வி.யிலிருந்து வரும் கடிதத்தில், கட்டவேண்டிய தொகையோடு சேர்த்து இன்னொரு வரியும் இருக்கும்: ஸ்மாக் செக் தேவை. வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் இது இருபது நிமிட வேலை. போனோமா, காபி குடித்தோமா, வந்தோமா என்று முடிந்துவிடும். ஆனால் டெஸ்ட்டுக்குச் சில நாள் முன்னால் வண்டியில் ஏதாவது ரிப்பேர் பார்த்திருந்தால் கதையே வேறு.

கொஞ்ச நாளாக எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "மெக்கானிக் சரி பண்ணிட்டார். செக் எஞ்சின் லைட் அணைஞ்சிடுச்சு. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது. ஆனா ஸ்மாக் செக்ல ஃபெயில்னு பேப்பர் கொடுத்துட்டாங்க. காசு பிடுங்கறாங்களா சார்?"

இல்லை. பெரும்பாலும் மெக்கானிக் மீதும் தப்பு இல்லை, டெஸ்ட் எடுத்தவர் மீதும் தப்பு இல்லை. வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான். அதைத் தயார் செய்வது எப்படி என்பதுதான் இந்த மாதப் பேச்சு.

புகையைப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்கிறார்கள்

நம் ஊரில் புகைப் பரிசோதனை என்றால் எல்லோருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு வேன் நிற்கும். சைலன்சருக்குள் ஒரு குழாயை விடுவார்கள், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்வார்கள், ஒரு சீட்டு கிடைக்கும். அதே நினைப்போடு இங்கே வருகிறோம். ஆனால் கலிஃபோர்னியாவில் 2000-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களுக்கு 2015 முதல் அந்தக் குழாய் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு மேலே, 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஒரு கேபிளைச் சொருகி வண்டியின் கம்ப்யூட்டரையே கேட்கிறார்கள்: "உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" பிறகு பானெட்டைத் திறந்து, அடியில் குனிந்து, இருக்கவேண்டிய பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்க்கிறார்கள்.

இந்தக் கம்ப்யூட்டர் முறைக்கு ஓ.பி.டி. இரண்டு என்று பெயர். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். இதன் வேர் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது. 1940-களில் அந்த நகரத்தை மூடிய கண் எரிச்சல் மூட்டம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், கார்ப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். கார்க் கம்பெனிகள் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரானவரும் அவரே. இன்று நம் டாஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு அந்த வழியில் வந்ததுதான்.

மார்க் ஷீட் காலியாக இருந்தால் பாஸா?

வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல பாடங்களுக்குத் தனித்தனி வாத்தியார்கள். இவர்களுக்கு மானிட்டர் என்று பெயர். சில வாத்தியார்கள் எஞ்சின் ஓடும் நேரம் முழுக்கக் கண்காணிப்பார்கள்: எஞ்சின் சரியாக எரிகிறதா, எரிபொருள் அளவு சரியா, சென்சார்களின் இணைப்பு சரியா என்று. இவர்களால் நமக்குத் தொந்தரவு இல்லை.

இன்னும் சில வாத்தியார்கள் இருக்கிறார்கள். அவர்கள் பரீட்சை வைக்க நேரம் காலம் எல்லாம் கூடிவர வேண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மானிட்டர், ஆக்சிஜன் சென்சார் மானிட்டர், அந்த சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு ஒன்று, ஈ.ஜி.ஆர். அல்லது வால்வ் நேரத்துக்கு ஒன்று, பெட்ரோல் ஆவி வெளியே கசிகிறதா என்று பார்க்கும் ஈவாப் மானிட்டர் ஒன்று. கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறி, வண்டி ஒரே சீரான வேகத்தில் சில நிமிடம் ஓடினால்தான் கன்வர்ட்டர் வாத்தியார் கேள்வித்தாளைப் பிரிப்பார். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னால் உள்ளதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் வேலை செய்தால் பின்னால் உள்ளது அமைதியாக இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி ஆடினால் கன்வர்ட்டர் வெறும் குழாய் என்று அர்த்தம்.

இப்போது ரிப்பேருக்கு வருவோம். மெக்கானிக் பழுதை நீக்கிவிட்டு, ஸ்கேனரில் ஒரு பட்டனை அமுக்கிக் கோளாறுக் குறியீட்டை அழிக்கிறார். லைட் அணைகிறது. ஆனால் அந்த ஒரு பட்டன், கோளாறை மட்டும் அழிப்பதில்லை. எல்லா வாத்தியார்களும் போட்ட மதிப்பெண்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. பாட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே கதைதான். மார்க் ஷீட்டில் சிவப்புக் கோடு இல்லை, சரி. ஆனால் மதிப்பெண்ணும் இல்லை. காலியான மார்க் ஷீட்டோடு போய் "என் பையன் ஃபெயில் ஆகலையே" என்று கல்லூரியில் சீட் கேட்டால் கொடுப்பார்களா?

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். இல்லையென்றால் டெஸ்ட் நிலையத்தின் வாசலிலேயே குறியீட்டை அழித்துவிட்டு, லைட் மறுபடி எரிவதற்குள் பாஸ் வாங்கிக்கொண்டு போய்விடலாமே. அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

கலிஃபோர்னியா விதி இது: 2000 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களில் ஈவாப் தவிர மற்ற எல்லா மானிட்டரும் முடிந்திருக்க வேண்டும். 1996 முதல் 1999 வரையிலான கார்களில் ஏதாவது ஒன்று முடியாமல் இருக்கலாம்.

அழிக்க முடியாத குறியீடு

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஏறத்தாழ 2010 மாடல் முதல் கார்களில் 'நிரந்தரக் குறியீடு' என்று ஒன்று உண்டு. கோளாறு ஒன்று லைட்டை எரியவைத்தால், அதன் நகல் தனியாக ஓரிடத்தில் பதிவாகும். ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது, பாட்டரியைக் கழற்றினாலும் போகாது. சம்பந்தப்பட்ட மானிட்டர் தானாக ஓடி, "ஆமாம், இப்போது சரியாகிவிட்டது" என்று தனக்குத்தானே உறுதி செய்துகொண்ட பிறகு கம்ப்யூட்டரே அதை நீக்கும்.

2019 ஜூலை முதல் கலிஃபோர்னியா ஸ்மாக் செக்கில் இதையும் பார்க்கிறார்கள். நிரந்தரக் குறியீடு இருந்தால் ஃபெயில். ஒரு விலக்கு உண்டு: குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு வண்டி குறைந்தது 200 மைல் ஓடி, 15 தடவை குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறியிருந்தால், அந்த நிரந்தரக் குறியீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 200 மைலை ஒரே நாளில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போய் முடித்துவிடலாம். 15 சூடேற்றத்தை அப்படி முடிக்க முடியாது. எஞ்சின் ஆறினால்தான் அடுத்த கணக்கு. வழக்கமாக ஓட்டினால் ஒரு வாரமாவது ஆகும்.

ஒன்பது நாள் இருந்த வீடு

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகத் தெரியலாம். சமீபத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். பெயர் வேண்டாம்.

மதுரைப் பக்கத்துத் தம்பி. சன்னிவேலில் ஆறு வருடம். வேலை போய்விட்டது. எச்1பி விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பது நம்மில் பலருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும் கணக்கு. வேறு வேலை அமையவில்லை. டிக்கெட் போட்டுவிட்டார்கள். கட்டில், சோபா எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்தது 2012 மாடல் கார் ஒன்று. சான் ஹோசேயில் எம்.எஸ். படிக்க வந்திருக்கும் ஒரு தெலுங்குப் பையன் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். கேம்பஸ் வேலையில் சேர்த்த பணம்.

கலிஃபோர்னியாவில் இந்த வயதுக் காரை விற்கும்போது, 90 நாளுக்குள் எடுத்த ஸ்மாக் சான்றிதழைக் கொடுப்பது விற்பவரின் பொறுப்பு. அந்த நேரம் பார்த்து செக் எஞ்சின் லைட் எரிந்தது. பி0441 என்ற குறியீடு. பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் அனுப்பும் பர்ஜ் வால்வ் போய்விட்டது. ஒரு புதன்கிழமை மெக்கானிக் புது வால்வ் போட்டு, குறியீட்டை அழித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை ஸ்மாக் செக். ஃபெயில். அன்று இரவு என்னைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை விமானம். நடுவில் ஒன்பது நாள்.

"அண்ணே, ரெண்டு பேர் ரெண்டு யோசனை சொல்றாங்க. ஒருத்தர், அப்படியே உள்ளது உள்ளபடின்னு எழுதி வித்துடு, வாங்கறவன் பாத்துக்குவான்கிறார். இன்னொருத்தர், நூறு டாலர் கூடக் கொடுத்தா வேற வண்டில கேபிளைச் சொருகி பாஸ் போட்டுத் தர்ற ஆளு இருக்காம்."

முதல் யோசனை செல்லாது. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வாங்கினாலும் ஸ்மாக் சான்றிதழ் கொடுக்கும் பொறுப்பு விற்பவரை விட்டுப் போகாது. சான்றிதழ் இல்லாமல் அந்தப் பையனால் வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற முடியாது. இரண்டாவது யோசனை மோசடி. இப்படி வேறு வண்டியில் சொருகுவதைத் தரவுகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். பிடிபட்ட நிலையங்கள் மீது வழக்கும் போடுகிறார்கள். விசாவில் இருப்பவர் இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கக்கூடாது.

நான் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "நாம ஊருக்குப் போயிடுவோம். அந்தப் பையன் இங்கதானே இருக்கப் போறான்? அவன் தலையில கட்டிட்டுப் போக வேண்டாம்."

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஸ்கேனரோடு போனேன். கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், ஈவாப் மூன்றும் முடியவில்லை. நிரந்தரக் குறியீட்டில் பி0441 உட்கார்ந்திருந்தது. அழித்த பிறகு ஓடிய தூரம் 19 மைல், சூடேற்றம் 3.

இங்கே ஒரு முடிச்சு. ஈவாப் மானிட்டர் முடியாவிட்டாலும் பாஸ் கொடுப்பார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? இவருக்கு அந்தச் சலுகை உதவாது. ஏனென்றால் அவருடைய நிரந்தரக் குறியீடே ஈவாப் சம்பந்தப்பட்டது. ஈவாப் மானிட்டர் ஓடினால்தான் அது நீங்கும். இல்லையென்றால் 200 மைலும் 15 சூடேற்றமும் வேண்டும்.

பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். முழு டேங்க்.

"நிறைய ஓட்டச் சொன்னாங்களேன்னு இப்பத்தான் ஃபுல் பண்ணினேன் அண்ணே."

நல்ல எண்ணம்தான். ஆனால் ஈவாப் மானிட்டர் டேங்க்குக்குள் இருக்கும் காலி இடத்தின் அழுத்தத்தை வைத்துத்தான் கசிவைக் கண்டுபிடிக்கிறது. பெரும்பாலான கார்களில் 15 சதவீதத்துக்குக் கீழேயும் 85 சதவீதத்துக்கு மேலேயும் அது ஓடவே ஓடாது. 13 காலன் டேங்க், காலனுக்கு 30 மைல் என்று வைத்தால், 85 சதவீதத்துக்கு இறக்க ஏறக்குறைய 60 மைல் ஓட்ட வேண்டும். பரவாயில்லை, எப்படியும் கன்வர்ட்டருக்காக ஃப்ரீவேயில் ஓட்டத்தானே வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். 280-இல் வடக்கே ஏறி, 92 சந்திப்பு வரை போய்த் திரும்புவது, போக வர சுமார் 45 மைல். அன்றைக்கு ஆக்சிஜன் சென்சார் முடிந்தது. ஞாயிறும் அதே வழி. கன்வர்ட்டரும் முடிந்தது. முள் முக்காலுக்கு இறங்கியது. கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஏரி தெரியும் இடத்தில் வெளியே வந்து நிறுத்தி இட்லி சாப்பிட்டார்களாம். "ஆறு வருஷமா இந்தப் பக்கம் வேலைக்குத்தான் போயிருக்கோம், நின்னு பாத்ததே இல்ல அண்ணே" என்றார்.

திங்கள் இரவு வண்டியை அசையாமல் நிறுத்தச் சொல்லியிருந்தேன். ஈவாப்புக்குக் குளிர்ந்த எஞ்சின் வேண்டும். ஆனால் செவ்வாய் காலை தெரு கூட்டும் நாள். அபராதத்துக்குப் பயந்து நள்ளிரவில் வண்டியை எடுத்து வேறு தெருவில் நிறுத்தியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஈவாப் ஓடவில்லை. செவ்வாய் இரவு ஒருவரும் சாவியைத் தொடவில்லை. புதன் காலை குளிர்ந்த எஞ்சினை எழுப்பி, அமைதியாக ஊருக்குள் ஓட்டி, கொஞ்ச தூரம் ஃப்ரீவேயிலும் போய் வந்தார். மாலை ஸ்கேனரில் ஈவாப் முடிந்திருந்தது. நிரந்தரக் குறியீடு மட்டும் போகவில்லை. வியாழன் காலை மறுபடி ஒரு சுற்று. அதுவும் போய்விட்டது. அழித்த பிறகு மொத்தம் 180 மைல்கூட ஆகவில்லை, அந்த விலக்கே தேவைப்படவில்லை. அன்று மதியம் பாஸ். வெள்ளிக்கிழமை வண்டி கைமாறியது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாடலுக்கும் தனி ஓட்டு முறை வைத்திருக்கிறது. உங்கள் மாடலுக்கு உரியது கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள். கிடைக்காவிட்டால் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும் பொதுவான வழி இது:

1. பெட்ரோல் பாதி முதல் முக்கால் வரை இருக்கட்டும். மூடியை 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை திருகுங்கள். மூடி தளர்ந்திருந்தாலே லைட் எரியும்.

2. இரவு முழுக்க, எட்டு மணி நேரமாவது, வண்டியை நிறுத்துங்கள். நடுவில் சாவியை ஆன் செய்துகூடப் பார்க்காதீர்கள்.

3. காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு, மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். காரேஜுக்குள் வேண்டாம், வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

4. ஊருக்குள் பத்து நிமிடம் நின்று நின்று ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிக்க வேண்டாம்.

5. ஃப்ரீவேயில் 55 முதல் 60 மைல் வேகத்தில் பத்து, பதினைந்து நிமிடம் ஒரே சீராகப் போங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் நல்ல உதவி.

6. பின்னால் வண்டி இல்லாத, பாதுகாப்பான இடத்தில் காலை எடுத்துவிட்டு, பிரேக் போடாமல் வேகம் தானாக இறங்க விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம். அவசரக்காரர்கள் நிறைந்த 101-இல், அலுவலக நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். ஞாயிறு அதிகாலை இதற்கென்றே படைக்கப்பட்டது.

7. வீட்டுக்கு வந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

ஒரே நாளில் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். கடும் குளிரிலும் கடும் வெயிலிலும் ஈவாப் மானிட்டர் ஓட மறுக்கும் என்பதால் மினசோட்டா ஜனவரியிலும் அரிசோனா ஜூலையிலும் இன்னும் பொறுமை வேண்டும்.

தயாராகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள டெஸ்ட்டுக்கே போக வேண்டியதில்லை. 20, 30 டாலருக்குக் கிடைக்கும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனரை அந்த சாக்கெட்டில் சொருகி, போனில் பார்த்தாலே எந்த மானிட்டர் முடிந்தது, எது முடியவில்லை என்று தெரியும். அழித்த பிறகு ஓடிய மைல், சூடேற்ற எண்ணிக்கை இரண்டையும் காட்டும் செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேனரே இல்லாமலும் பல கார்களில் ஒரு வழி உண்டு: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். செக் எஞ்சின் விளக்கு எரியும். 15, 20 விநாடிக்குப் பிறகு அது கண் சிமிட்ட ஆரம்பித்தால் இன்னும் தயாராகவில்லை. சிமிட்டாமல் நின்றால் தயார். உங்கள் காரின் கையேட்டில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

செய்யக்கூடாதது

எல்லா மானிட்டரும் முடிந்த பிறகு ஸ்கேனரில் அந்த 'அழி' பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். சுத்தமாக இருக்கட்டுமே என்று அமுக்கினால் ஒரு வார உழைப்பு போச்சு. டெஸ்ட் முடியும்வரை பாட்டரியையும் மாற்ற வேண்டாம். பாட்டரி பழசு என்றால் ஓட்டத்தைத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

கன்வர்ட்டரை மாற்ற வேண்டி வந்தால், மலிவாகக் கிடைக்கிறதே என்று கலிஃபோர்னியா அனுமதி எண் இல்லாததை வாங்காதீர்கள். மானிட்டர் எல்லாம் முடிந்தாலும், அடியில் குனிந்து பார்க்கும்போது அந்த எண் இல்லை என்றால் ஃபெயில்தான்.

எத்தனை ஓட்டினாலும் ஒரு மானிட்டர் மட்டும் முடியவே இல்லை என்றால், அதுவே ஒரு செய்தி. உள்ளே இன்னொரு கோளாறு இருக்கலாம். சில மாடல்களில் இது தெரிந்த பிரச்சினை. அதற்காகவே மாநிலம் ஸ்மாக் செக் ரெஃபரி என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது, அங்கே நேரம் வாங்கிக்கொண்டு போகலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஸ்மாக் ரிப்பேர் செலவில் பங்கு தரும் மாநிலத் திட்டமும் உண்டு. ரிப்பேருக்குப் பணம் கட்டும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது முக்கியம்.

மற்ற ஊர்களில்

அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களில் மத்திய அரசின் வழிகாட்டுதல்தான் நடைமுறை: 1996 முதல் 2000 வரையிலான கார்களில் இரண்டு மானிட்டர், 2001-க்குப் பிந்தையவற்றில் ஒன்று முடியாமல் இருக்கலாம். நியூயார்க்கிலும் டெக்சஸின் பெருநகர மாவட்டங்களிலும் இப்படித்தான். கனடாவில் ஒன்டாரியோவாசிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை, சொந்தக் கார்களுக்கான ட்ரைவ் க்ளீன் 2019 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் எம்.ஓ.டி. சோதனையில் இன்றும் சைலன்சரில் குழாய் விட்டுத்தான் அளக்கிறார்கள். ஆனால் 2003 ஜூலைக்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலே ஃபெயில்.

ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் கலிஃபோர்னியாவில் கார் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்ற ஐந்து நாளுக்குள் டி.எம்.வி. இணையதளத்தில் 'வண்டி என் பொறுப்பில் இல்லை' என்ற அறிவிப்பைப் பதிவு செய்துவிடுங்கள். சுங்கப் பால அட்டையைக் கழற்றி, கணக்கிலிருந்து வண்டி எண்ணையும் நீக்குங்கள். இல்லையென்றால் நீங்கள் மதுரையில் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருக்கும்போது பே பிரிட்ஜ் பில் இங்கே உங்கள் பழைய முகவரிக்கு வந்துகொண்டிருக்கும்.

கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்குள் கைமாற்றும்போது புதிதாக ஸ்மாக் சான்றிதழ் தேவையில்லை. வழக்கமான இரண்டு வருடக் கணக்கு வந்தால் மட்டும் எடுக்க வேண்டும்.

பதிவு முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே லைட் எரிகிறதா என்று பார்த்து, எரிந்தால் உடனே ரிப்பேரை முடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் மூன்று வாரத்தில் வழக்கம்போல் அலுவலகம், கோயில், பாட்டு வகுப்பு என்று ஓட்டினாலே பெரும்பாலான மானிட்டர்கள் தாமாக முடிந்துவிடும். தனியாக 280 போக வேண்டியதே இல்லை. போனாலும் நஷ்டமில்லை, இட்லி கட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த மாதம்: மகனுக்கும் மகளுக்கும் லைசென்ஸ் வந்தால் இன்சூரன்ஸ் ஏன் எகிறுகிறது, அதைக் கொஞ்சமாவது குறைப்பது எப்படி?